பீதி மக்களுக்கு, கவலை அதிகாரிகளுக்கு: பத்திரிகைகளின் பயச் சொற்கள்

ஏட்டுவாசி

கொஞ்ச காலமாகவே மனதை உறுத்தும் விஷயம் இது. செய்தித்தாளில் பயத்தைச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள்: அச்சம், பயம், பீதி, கிலி, கலக்கம், பதற்றம், நடுக்கம், திகில், அதிர்ச்சி, கவலை. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கூர்ந்து படித்தால் அப்படி இல்லை. யாருக்கு எந்தச் சொல் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது.

"பொதுமக்கள் பீதி" என்று வரும். "அமைச்சர் பீதி" என்று வராது, "அமைச்சர் கவலை" என்றுதான் வரும். அதிகாரிகளுக்கு அதிர்ச்சி. முதலீட்டாளர்களுக்குக் கலக்கம். வல்லுநர்களுக்கு எச்சரிக்கை. கவலைப்படுகிறவர் யோசிக்கிறவர், எச்சரிக்கிறவர் விவரம் தெரிந்தவர், பீதியடைகிறவர் நிதானம் இழந்தவர். ஒரு ஆலையில் வாயு கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை மேலாளருக்கு வருவது கவலை, சுவருக்கு வெளியே குடியிருப்பவருக்கு வருவது பீதி. அந்த மனிதர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறியது அன்றைக்கு எடுக்கக்கூடிய மிகச் சரியான முடிவாக இருந்திருக்கலாம். பீதி என்று தலைப்புப் போட்டதும் அது முடிவாகத் தெரியாமல் தடுமாற்றமாகத் தெரிகிறது.

இன்னொன்று. பயந்தவர் யார் என்று செய்திக்குள் தேடிப் பார்த்தால் ஆளைக் காணோம். "இதனால் அப்பகுதி மக்கள் பீதியில் உள்ளனர்" என்பதோடு செய்தி முடிந்துவிடும். பெயர் கிடையாது, எத்தனை பேர் என்பது கிடையாது, ஒருவராவது வாயைத் திறந்து சொன்னதாக ஒரு வரி கிடையாது. திருட்டுப் போன பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதுகிற பத்திரிகை, ஒரு ஊரே பயந்துபோனது என்பதை எந்த ஆதாரமும் இல்லாமல் எழுதிவிடுகிறது. மனிதர்களின் உணர்வு மட்டும் ஏன் சரிபார்க்க வேண்டாத தகவலாகிவிட்டது?

பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்

"இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது." இந்த ஒரு வரியை எத்தனை செய்திகளின் கடைசியில் படித்திருப்போம்! கொலைக்கும் இதுதான், பாம்பு பிடித்ததற்கும் இதுதான், மரம் விழுந்ததற்கும் இதுதான். எல்லாமே பரபரப்பு என்றால், உண்மையில் ஒரு ஊர் நிலைகுலைந்து நிற்கும் நாளில் எழுதுவதற்கு என்ன சொல் மிச்சம் இருக்கும்?

பழைய டெஸ்க்

நான் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி ஏட்டுவாசி சொன்ன வரிசை உண்மை. ஆனால் யாரும் கூடிப் பேசி வகுத்ததில்லை. எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன்.

முதல் காரணம் இடம். ஒற்றைப் பத்தித் தலைப்பில் ஒரு வரிக்கு மிகச் சில எழுத்துகள்தான் அடங்கும். "பீதி" இரண்டே எழுத்து, "கிலி"யும் அப்படியே. "அச்சம்" நான்கு, "கலக்கம்" ஐந்து. "குடியிருப்பவர்கள் சிலர் கவலை தெரிவித்தனர்" என்பது உண்மைக்கு நெருக்கமான தலைப்புதான், ஆனால் அந்தப் பத்திக்குள் அது உட்காராது. இரவு பதிப்பு முடிகிற நேரத்தில் எது உட்காருமோ அதுதான் விழும். தமிழில் தலைப்பை வினைச்சொல் இல்லாமல் முடிக்கலாம் என்பது பெரிய வசதி. "மக்கள் பீதி" என்று நிறுத்திவிட்டால் யார், எப்போது, எத்தனை பேர் என்று எதையும் சொல்ல வேண்டாம். "பீதியடைந்தனர்" என்று வினையோடு எழுத வேண்டியிருந்தால் கை ஒரு நொடி நிற்கும்.

இரண்டாவது காரணம் செய்தி வருகிற வழி. பகுதி நேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளியான செய்திக்குத்தான் காசு. சின்னச் சம்பவத்தை அனுப்பினால் மேசையில், அதாவது செய்தியைத் தேர்ந்து திருத்தும் பிரிவில், ஒதுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கடைசியில் "மக்கள் பீதி"யைச் சேர்த்து அனுப்புவார், அந்த ஒரு வரிதான் அதைச் செய்தியாக்கும். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்த வரி இருந்தால்தான் இடம் தருகிறது மேசை.

மூன்றாவது, யாரால் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க முடியும் என்பது. அமைச்சர் பீதியடைந்தார் என்று எழுதினால் மறுநாள் காலை தொலைபேசி அடிக்கும். அதிகாரி மறுப்பு அனுப்புவார். "அப்பகுதி மக்கள்" யாருக்குக் கடிதம் எழுதுவார்கள்? மறுக்க முடியாதவர்கள் மேல்தான் கடுமையான சொல் போய் விழுகிறது. இதைத் திட்டமிட்ட சதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் சொல் தடித்துப்போகும். இது எல்லா மொழிப் பத்திரிகைக்கும் பொருந்தும்.

எண்ணும் எழுத்தும்

இதை எண்ணிப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஆல்தைட், நாளிதழ்களில் பயம் என்ற சொல் எங்கெங்கே வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று 1990களில் தேடிப் பார்த்தார். அந்தப் பத்தாண்டில் சொல்லின் பயன்பாடு கூடியிருந்தது, தலைப்புகளிலும் அதிகமாகியிருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இன்ன நாயைக் கண்டு பயம், இன்ன வெள்ளத்தைக் கண்டு பயம் என்று ஒரு பொருளோடு கட்டுண்டிருந்த சொல், மெல்ல மெல்லக் குழந்தைகள், பள்ளிகள், அக்கம்பக்கம் என்று வாழ்க்கை முழுவதன் மேலும் படரத் தொடங்கியதாக அவர் காட்டினார். எதைக் கண்டு என்பது போய், பொதுவாகவே ஒரு பயம்.

2022-இல் வெளியான இன்னொரு ஆய்வு, 47 அமெரிக்கச் செய்தி ஊடகங்களின் 2000 முதல் 2019 வரையிலான சுமார் 2.3 கோடி தலைப்புகளைக் கணினியால் அலசியது. பயத்தைக் காட்டும் தலைப்புகளின் பங்கு அந்தக் காலத்தில் ஏறத்தாழ 150 சதவீதம் உயர்ந்திருந்தது. கோபம் 104 சதவீதம்.

சரி, விற்பதால்தானே எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு திருப்பம். ஒரே செய்திக்குப் பல தலைப்புகள் வைத்துச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் கொண்டது அப்வொர்த்தி என்ற தளம். அதன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை வைத்து 2023-இல் ஒரு ஆய்வு வந்தது. எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்குகள் சுமார் 2.3 சதவீதம் உயர்ந்தன. ஆனால் உணர்ச்சிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, சோகம் சொடுக்கைக் கூட்டியது, பயம் குறைத்தது. ஒரு தளத்தின் தரவுதான், எல்லாப் பத்திரிகைக்கும் பொருத்திவிடக் கூடாது. இருந்தாலும் "பயம் விற்கும்" என்று எல்லோரும் சொல்வதை யாரும் சோதிக்காமலேயே நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இது போதும்.

ஏட்டுவாசி

> பயம் குறைத்தது

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் பழக்கம்தான் எழுத வைக்கிறதா? டெஸ்க் ஐயா, உங்கள் அனுபவத்தில் "பீதி" போட்ட நாளில் விற்பனை கூடியதா என்று யாராவது அளந்தார்களா?

பழைய டெஸ்க்

தலைப்பு வாரியாக அளந்து நான் பார்த்ததில்லை. மாலைப் பத்திரிகைகளுக்குச் சுவரொட்டி ஒரு பெரிய விஷயம். அதில் நான்கு சொல்தான். அந்த நான்கில் ஒன்று கொலை, பலி, பீதி, பயங்கரம் என்று இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்கள் மூத்தவர்களுக்கு அது சரியாக வந்திருக்கிறது, நாங்களும் பின்பற்றினோம். சோதனை என்று தனியாக எதுவும் இல்லை.

வார்டு சிஸ்டர்

நான் செவிலியர். பல வருடம் பொது மருத்துவமனையில். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் "மர்மக் காய்ச்சல்". ஒவ்வொரு மழைக்காலமும் இந்தச் சொல் வந்துவிடும். வார்டில் எங்களுக்கு அப்படி ஒரு நோய் கிடையாது. ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வரும்போது டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, ஸ்கிரப் டைபஸ், சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். முடிவு வருவதற்கு முன்பு பத்திரிகை வைத்த பெயர்தான் மர்மம். முடிவு வந்த பிறகு அதே பெரிய எழுத்தில் "அது எலிக்காய்ச்சல், தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், காய்ச்சல் வந்தால் சீக்கிரம் காட்டுங்கள், மருந்து இருக்கிறது" என்று யார் போடுகிறார்கள்? உயிரைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது செய்திதான். அது வந்தாலும் உள்பக்கத்தில் சிறு பெட்டியாக வரும்.

மர்மம் என்ற சொல் வேறு ஒரு வேலையும் செய்கிறது. யாருடைய பொறுப்பும் இல்லாததாக நோயை ஆக்கிவிடுகிறது. டெங்கு என்றால் தேங்கிய நீர், கொசு ஒழிப்பு, குடிநீர் விநியோகம் என்று கேள்வி வரும். மர்மம் என்றால் யாரைக் கேட்பீர்கள்?

அப்புறம் "உயிர்க்கொல்லி". எச்.ஐ.வி. பற்றி எழுதும்போதெல்லாம் இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு நிலைமையே மாறியது. இன்று மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ முடியும். ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் மூலம் பிறருக்குப் பரவவும் செய்யாது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு தன் சொல் வழிகாட்டியிலேயே "கொடிய, குணப்படுத்த முடியாத நோய்" போன்ற சொற்கள் பயத்தையும் ஒதுக்குதலையும் வளர்க்கும், தவிர்க்கவும் என்று சொல்கிறது. மருத்துவம் மாறியது, அடைமொழி மாறவில்லை. பரிசோதனை முடிவைக் கேட்டதும் "அப்போ நான் செத்துடுவேனா சிஸ்டர்?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வி அவர்கள் படித்ததிலிருந்து வந்தது. இன்னும் மோசம், பயத்தில் பரிசோதனைக்கே வராதவர்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லக்கூட வாய்ப்பில்லை.

பயம் காட்டினால் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள், நம்புகிறேன். ஆனால் ஜாக்கிரதையாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் பயத்தை மட்டும் கொடுத்தால், வார்டுக்குள் வரவேண்டியவர் வெளியிலேயே நின்றுவிடுகிறார்.

கடலோடி

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். எங்கள் வீட்டில் தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். புயல் வருகிறது என்றால் பயமுறுத்தத்தான் வேண்டும். மென்மையாக எழுதினால் ஒருவரும் படகைக் கரையேற்ற மாட்டார்கள். "காற்று சற்று பலமாக வீசக்கூடும்" என்று எழுதிவிட்டு மறுநாள் பலி எண்ணிக்கை போடுவதைவிட, "கோரப் புயல் நெருங்குகிறது" என்று முதல் நாளே எழுதுவது மேல். இங்கே எல்லோரும் பயச் சொல்லே கூடாது என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். பயம் நம்மைக் காப்பாற்றுகிற உணர்வு.

எண்ணும் எழுத்தும்

கடலோடி அண்ணே, பயம் காப்பாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த மாதிரிப் பயம் என்பதுதான் கேள்வி. 1965-இல் ஹோவர்டு லெவந்தால் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய துண்டுப் பிரசுரம். சிலருக்கு மிகக் கடுமையான படங்களோடு, சிலருக்கு மிதமாக. கடுமையானதைப் படித்தவர்கள் ஊசி போட வேண்டும் என்று அதிகமாக நினைத்தார்கள். ஆனால் வெறும் பிரசுரம் மட்டும் படித்தவர்களில் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம்தான். அதோடு சுகாதார மையத்துக்கான வரைபடம், திறந்திருக்கும் நேரம், எப்போது போகலாம் என்று திட்டமிடும் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது 28 சதவீதம் பேர் போனார்கள். மாணவர்களுக்கு அந்த மையம் எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். இருந்தும் அந்த ஒரு சின்னக் குறிப்புதான் காலை நகர்த்தியது.

"கோரப் புயல்" என்பதில் எதிர்ப்பு இல்லை. எந்த நேரத்துக்குள் கரை திரும்ப வேண்டும், எங்கே போக வேண்டும் என்பது அதே தலைப்பின் கீழ் முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

கடலோடி

இதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது காற்றின் வேகமும் கரை கடக்கும் நேரமும்தான், கோரமா கொடூரமா என்று பார்ப்பதில்லை. "ரெட் அலர்ட்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதன் அர்த்தத்தை ஒரு தடவையாவது விளக்கியிருக்கிறார்களா? மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் நிறங்கள் அவை. பத்திரிகையில் அந்த நிறம் பயத்தின் அளவாக மாறிவிட்டது. சிவப்பு போட்டு மழை வராவிட்டால் "ஏமாற்றிய ரெட் அலர்ட்" என்று அடுத்த நாள் எழுதுகிறார்கள். இதைப் படிக்கிறவன் அடுத்த முறை நம்புவானா?

வால்மீன்

ஏட்டுவாசி "யார் பயந்தது?" என்று கேட்டாரே, அதற்குப் பொருத்தமான ஒரு பழைய சம்பவம். 1938 அக்டோபர் 30 இரவு அமெரிக்க வானொலியில் செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுப்பதாக ஒரு நாடகம், செய்தி அறிவிப்பு போன்ற பாணியில். மறுநாள் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் நாடே பீதியில் ஆழ்ந்ததாக எழுதின. பாடப் புத்தகம் வரை அந்தக் கதை போனது. பின்னாளில் ஊடக வரலாற்றாளர்கள் தோண்டிப் பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. அன்றிரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான். பயந்தவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நாடே ஓடியது என்பதுதான் பத்திரிகையின் கற்பனை. அந்தக் காலத்தில் விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்தது, அதை நம்பத்தகாத ஊடகம் என்று காட்டுவதில் நாளிதழ்களுக்கு ஆதாயம் இருந்தது.

பேரிடர் ஆய்வில் முன்னோடியான என்ரிகோ குவாரன்டெல்லி 1950களிலிருந்தே சொல்லிவந்ததும் இதுதான்: தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற நேரங்களில் மக்கள் நிலைதடுமாறி ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது மிக அரிது. பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரைத் தூக்கிவிடுகிறார்கள், சொந்தக்காரரைத் தேடுகிறார்கள், முடிந்ததைச் செய்கிறார்கள். "பீதி" என்ற சொல் அந்த உதவியை எல்லாம் மறைத்துவிடுகிறது.

என் துறையிலிருந்து ஒன்று. 1910-இல் ஹாலி வால்மீனின் வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பது தெரிந்தது. பூமி அந்த வால் வழியாகப் போகும் என்றதும் நாளிதழ்கள் நச்சுவாயுக் கதையை ஊதிவிட்டன. வால்மீன் மாத்திரை என்று விற்றவர்கள்கூட உண்டு. மே மாதம் பூமி கடந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை. வாலில் இருக்கும் வாயு எவ்வளவு மெல்லியது என்று வானியலாளர்களில் பெரும்பாலோர் முன்பே சொல்லியிருந்தார்கள். 2025-லும் அதே கதை. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-இல் பூமியில் மோதும் வாய்ப்பு பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை உயர்ந்து, சில நாட்களிலேயே கிட்டத்தட்ட பூஜ்யமானது. கண்டறிந்த புதிதில் பாதை துல்லியமாகத் தெரியாததால் எண் ஏறி இறங்குவது இயல்பு. ஏறியது "பூமியை நோக்கிப் பாயும் ஆபத்து" என்று பல இடங்களில் பெரிதாக வந்தது. இறங்கியதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

நிலாமுற்றம்

2020-இல் "பீதியில் வாங்கிக் குவித்தனர்" என்று எழுதினார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னால் எல்லோரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கத்தான் செய்வார்கள். லட்சக்கணக்கானோர் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலே அலமாரி காலியாகிவிடும். காலி அலமாரியின் படத்தைப் போட்டு, எதிரே நின்ற மனிதரைப் பேராசைக்காரராக்கிவிட்டது அந்தச் சொல்.

வார்டு சிஸ்டர்

எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. பயச் சொல் என்றால் பீதி, கிலி மட்டும் இல்லை, "இரு மடங்கு" என்பதும் பயச் சொல்தான். 1995-இல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு அபாயம் இரண்டு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. நூறு சதவீத உயர்வு என்று செய்தி பரவியது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனது. கர்ப்பமாக இருக்கும்போது ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்தத் தலைப்பில் ஒரு பொய்கூட இல்லை. எதிலிருந்து இரு மடங்கு என்பது மட்டும் விடுபட்டிருந்தது.

கடலோடி

இப்போது வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். பயச் சொல் வரவேண்டிய இடத்தில் வராமல் போவதைப் பற்றி? வெயிலைப் பாருங்கள். "வெயில் வாட்டியது", "கொளுத்தியது", "அனல் பறந்தது". பக்கத்தில் தண்ணீரில் குதித்து விளையாடும் பிள்ளைகள் படம். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலையால் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள். பல புயல்களைவிட அதிகமான சாவு. அதற்கு ஏன் "கொலைகார வெயில்" இல்லை? சாலை விபத்துகளில் உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. "வாகன ஓட்டிகள் அச்சம்" என்று எப்போது வரும் தெரியுமா? சாலையில் சிறுத்தை குறுக்கே போனால் வரும்.

எண்ணும் எழுத்தும்

அண்ணே, இந்த இழையிலேயே இதுதான் முக்கியமான கேள்வி. பார்பரா கோம்ப்ஸ், பால் ஸ்லோவிக் இருவரும் 1979-இல் அமெரிக்காவின் இரண்டு கரைகளிலிருந்து ஆளுக்கொரு நாளிதழ் எடுத்து, மரணச் செய்திகளை எண்ணினார்கள். கொலை, விபத்து, சூறாவளி போன்றவை அளவுக்கு மீறி இடம் பெற்றிருந்தன. உண்மையில் பெரும்பாலோரைக் கொல்லும் நோய்கள் மிகக் குறைவாக வந்தன. இரண்டு நாளிதழ்களும் நாட்டின் இரு கோடிகளில் இருந்தும் இந்தச் சாய்வு ஒன்றுபோலவே இருந்தது. எந்த மரணம் அதிகம் நடக்கிறது என்று மக்கள் தவறாகக் கணிப்பதும் கிட்டத்தட்ட இதே சாய்வில்தான். பத்திரிகைதான் காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள்.

என் கருத்து இது: பயச் சொல் ஆபத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை, புதுமையைப் பார்த்து வருகிறது. தினமும் நடப்பதற்கு அந்தச் சொல் கிடைக்காது.

பழைய டெஸ்க்

சிறுத்தை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காட்டு விலங்குச் செய்திகளில்தான் எங்கள் சொற்கள் எல்லை மீறிப் போயின. யானை "அட்டகாசம்" செய்யும், சிறுத்தை "ஊருக்குள் புகும்", கரடி "மிரட்டும்". யானை தன் பழைய வழித்தடத்தில் நடந்து வந்திருக்கும், நடுவில் வேலி புதிதாக முளைத்திருக்கும். "புகுந்தது" என்று எழுதினால் யானை அத்துமீறியதாகிறது. பயிரை இழந்த விவசாயியின் துயரம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர் எவ்வளவு இழந்தார், இழப்பீடு வந்ததா என்று எழுதினால் அவருக்கு உதவும். "மக்கள் பீதி" அவருக்கு எதையும் பெற்றுத் தராது. விலங்கைப் பிடி, சுடு என்ற கூச்சலுக்குத்தான் அது பயன்படும்.

இதையெல்லாம் தவிர்த்து எப்படித் தலைப்பு வைப்பது என்று கேட்பீர்கள். வைக்கலாம். சிறுத்தையின் கால்தடம் தெரிந்தது என்றால் "சிறுத்தைத் தடம்: வனத்துறை ஆய்வு". காய்ச்சல் என்றால் "40 பேருக்குக் காய்ச்சல்: பரிசோதனை முடிவு நாளை" (எண் உதாரணத்துக்கு). பீதியைவிடச் சில எழுத்து கூடும், இரண்டு வரியில் அடங்கும். உண்மையிலேயே ஒருவர் பயந்திருந்தால் அவரையே பேச விடுங்கள்: "இரவில் வெளியே போக முடியவில்லை" என்று மேற்கோளில் போட்டால், பீதியைவிட அது ஆழமாக இறங்கும். ஏனென்றால் அதைச் சொன்ன ஒரு ஆள் இருக்கிறார்.

நிருபருக்கு மேசை கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். மக்கள் பீதி என்று எழுதியிருக்கிறாயே, யாரிடம் பேசினாய்? இந்தக் கேள்வியைக் கேட்கிற தலைமை உதவி ஆசிரியர் ஒருவர் கீழ் நான் சில காலம் இருந்தேன். அவர் இருந்தவரை அந்த மேசையில் "அப்பகுதி மக்கள்" அரிதாகத்தான் வந்தது. நிருபர்களும் பேசிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஏட்டுவாசி

ஐயா, அந்தக் கேள்வியை வாசகர்களும் கேட்கலாமே. பல பத்திரிகைகள் வாசகர் கடிதத்துக்கு இடம் தருகின்றன, இணையப் பதிப்பில் திருத்தம் கோரவும் வழி இருக்கிறது. "உங்கள் செய்தியில் மக்கள் பீதி என்று இருக்கிறது, யாரிடம் கேட்டீர்கள்?" என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். மறுப்பு எழுத ஆள் இல்லை என்பதால்தானே அந்தச் சொல் அங்கே விழுகிறது என்றீர்கள்.

வார்டு சிஸ்டர்

நான் எழுதுகிறேன். "மர்மக் காய்ச்சல்" அடுத்து எப்போது வந்தாலும், பரிசோதனை முடிவு என்ன ஆனது என்று கேட்டு எழுதுவேன். முடிவையும் அதே பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்பேன். மருத்துவத் துறையில் இருக்கும் மற்றவர்களும் சேர்ந்தால் நன்றாக இருக்கும். கடிதத்தின் வரைவை நாளை இங்கே போடுகிறேன், டெஸ்க் ஐயா, நீளத்தைக் குறைத்துக் கொடுங்கள். நீளமாக இருந்தால் போட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பழைய டெஸ்க்

போடும்மா. நூறு சொல்லுக்குள் இருக்கட்டும். செய்தி வந்த தேதியும் பக்க எண்ணும் முதல் வரியிலேயே வரவேண்டும், இல்லாவிட்டால் மேசையில் தேட மாட்டார்கள்.